பழைய விமானம், புது லேப்டாப்: ஃப்ளைட் சிமுலேட்டர் எக்ஸை விண்டோஸ் 11இல் ஓட்டுவது எப்படி?

2008இல் ரிச்சி தெருவில் வாங்கிய பெட்டி. உள்ளே இரண்டு டிவிடி, ஒரு கையேடு, 25 எழுத்துச் சாவி ஒட்டிய ஸ்டிக்கர். பரணில் கிடந்ததை அக்கா மகன் எடுத்துக்கொண்டு வந்து, "மாமா, இது என் லேப்டாப்ல ஓடுமா?" என்றான். அரை மணி நேர வேலை என்று வாய்விட்டேன். மூன்று சனி ஞாயிறு போயிற்று. அதில் பாதி நேரம் நானே போட்டுக்கொண்ட முடிச்சை அவிழ்க்கவே சரியாக இருந்தது. அந்த முடிச்சுகள் எவை என்று சொல்லிவிட்டால் நீங்கள் ஒரே நாளில் முடித்துவிடலாம்.

பெட்டியில் இருந்தது கணினியில் விமானம் ஓட்டும் கேமான மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் எக்ஸ். அது 2006இல் வந்தது. விண்டோஸ் 11 அதற்குப் பதினைந்து ஆண்டு இளையது. ஆனாலும் ஓடும், நன்றாகவே ஓடும். வரிசை தப்பக்கூடாது, அவ்வளவுதான்.

1. முதலில் கணினியைப் பாருங்கள்

இது 32 பிட் கேம். விண்டோஸ் 11 64 பிட்டில் மட்டும் வருகிறது, ஆனால் 32 பிட் நிரல்களையும் ஓட்டும். ஆகவே அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

பார்க்க வேண்டியது வேறொன்று. விலை குறைந்த சில லேப்டாப்கள் "எஸ் மோடு" என்ற நிலையில் வருகின்றன. அதில் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் உள்ளவை தவிர எதுவும் நிறுவ முடியாது. டிவிடியும் ஏறாது, இணையத்தில் கேம் விற்கும் கடையான ஸ்டீமும் ஏறாது. செட்டிங்ஸ், சிஸ்டம், ஆக்டிவேஷன் என்று போனால் எஸ் மோடிலிருந்து வெளியேறும் வழி இருக்கும். காசு கிடையாது. ஆனால் ஒருமுறை வெளியே வந்தால் திரும்பப் போக முடியாது. பிள்ளையின் பள்ளிக் கணினி என்றால் பள்ளியைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

இடம்: டிவிடிப் பதிப்புக்கு 15 ஜிபி. ஸ்டீம் பதிப்புக்கு 30 ஜிபி ஒதுக்குங்கள்.

இதற்காகப் புது கிராஃபிக்ஸ் கார்டு வாங்க நினைத்தால் கையை மடக்கிக்கொள்ளுங்கள். பிராசஸருக்குள் வேலை செய்யும் பகுதிகளில் (கோர்) ஒன்றைத்தான் இந்த கேம் பெரும்பாலும் வாட்டும். விலை உயர்ந்த கார்டு சும்மா உட்கார்ந்திருக்கும்.

"2020 பதிப்போ 2024 பதிப்போ இருக்கும்போது இது எதற்கு?" என்று கேட்பீர்கள். 2020 பதிப்புக்குக் குறைந்தபட்சமே 150 ஜிபி இடம், தனி கிராஃபிக்ஸ் கார்டு, நல்ல இணையம் எல்லாம் வேண்டும். அவை உங்களிடம் இருந்தால் இந்தக் கட்டுரை உங்களுக்குத் தேவையில்லை. 8 ஜிபி ராம் உள்ள சாதாரண லேப்டாப், விட்டு விட்டு வரும் இணையம் என்றால் மேலே படியுங்கள்.

2. பெட்டியா, ஸ்டீமா?

இரண்டு வழி உண்டு. 2006இன் டிவிடிப் பெட்டி ஒன்று. 2014 டிசம்பரில் டவ்டெய்ல் கேம்ஸ் வெளியிட்ட ஸ்டீம் எடிஷன் இன்னொன்று.

என் கருத்தைக் கேட்டால், பெட்டி கையில் இருந்தாலும் ஸ்டீம் எடிஷனையே வாங்குங்கள். பிழை திருத்தும் தொகுப்புகளான சர்வீஸ் பேக் 1, 2, விரிவாக்கத் தொகுப்பான ஆக்செலரேஷன் மூன்றும் அதற்குள்ளேயே அடக்கம். சாவியைச் சரிபார்க்கும் பழைய ஆக்டிவேஷன் தொல்லை கிடையாது. டிவிடி டிரைவ் வேண்டாம். விலை ரூபாயிலேயே காட்டும். அவசரம் இல்லையென்றால் விஷ்லிஸ்டில் போட்டுவைத்துத் தள்ளுபடிக்குக் காத்திருங்கள். ஸ்டீமில் கோடைக்கும் ஆண்டுக் கடைசிக்கும் தள்ளுபடி தவறாமல் வரும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. ஸ்டீமில் வாங்கிய 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஓட்டியிருந்தால்தான் பணம் திரும்பக் கேட்கலாம். பிழை பார்க்கிறேன் என்று கேமைத் திறந்து வைத்துவிட்டுப் போனில் பேசிக்கொண்டிருந்தாலும் அது ஓட்டிய நேரமாகத்தான் கணக்கில் ஏறும். சந்தேகம் இருந்தால் முதல் ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிவெடுத்துவிடுங்கள்.

பெட்டியும் ஸ்டீமும் ஒரே கணினியில் வேண்டாம். இரண்டும் இருந்தால் ஸ்டீம் எடிஷன் தன் அமைப்புக் கோப்புகளை வேறு பெயரில் வேறு ஃபோல்டரில் வைத்துக்கொள்ளும். பழைய ஆட்-ஆன்களுக்கு (கேமில் கூடுதலாகச் சேர்க்கும் விமானம், விமான நிலையம் போன்றவை) எந்த வீட்டுக் கதவைத் தட்டுவது என்று தெரியாது.

3. கையில் எடுத்து வைக்க வேண்டியவை

ஸ்டீம் என்றால்: நீங்கள் தினமும் பார்க்கும் மின்னஞ்சல் முகவரி, பணம் கட்ட வழி. அவ்வளவுதான். கணக்கைப் பிள்ளையின் பெயரில் தொடங்கி, கடவுச்சொல்லை அவன் நினைவை நம்பி விடாதீர்கள். எழுதி வையுங்கள்.

பெட்டி என்றால் பட்டியல் நீளும்.

சாவி ஸ்டிக்கர். பதினைந்து ஆண்டில் மை மங்கியிருக்கும். போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். 8க்கும் பி எழுத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் நான் நான்கு முறை தட்டினேன். ஆக்செலரேஷன் விரிவாக்கமும் வைத்திருந்தால் அதற்குத் தனிச் சாவி.

டிவிடி டிரைவ். இப்போதைய லேப்டாப்களில் பெரும்பாலும் இல்லை. யுஎஸ்பி டிரைவ் எனக்கு 1,500 ரூபாய் ஆயிற்று. காசை மிச்சம் பிடிக்கலாம் என்று முதலில் நண்பர் வீட்டுக் கணினியில் இரண்டு டிவிடியையும் ஐஎஸ்ஓ கோப்பாக (வட்டின் முழு நகல்) எடுத்து வந்தேன். விண்டோஸ் 11இல் அதை இரட்டை க்ளிக் செய்தால் டிரைவ் போலத் திறக்கும், உண்மைதான். ஆனால் பாதி வழியில் "இரண்டாவது வட்டைப் போடு" என்று கேட்டபோது, இரண்டாவது கோப்பு வேறு எழுத்துள்ள டிரைவாகத் திறந்துகொண்டது. நிறுவும் நிரல் பழைய எழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றது. ஒரு மாலை அதில் போயிற்று. நண்பரிடமோ பக்கத்து டிடிபி கடையிலோ டிரைவை ஒரு நாள் இரவல் வாங்கினால் போதும்.

பழைய பெட்டியை இணையத்தில் வாங்கப் போகிறீர்களா? வேண்டாம். "சீல் பிரிக்காதது" என்று நம்பி ஒரு கடையில் ஆக்செலரேஷன் பெட்டி வாங்கினேன். வந்ததில் ஸ்டிக்கர் பாதி கிழிந்திருந்தது. கேட்டதற்கு, வட்டு படிக்கிறதா இல்லையா என்பதற்கு மட்டும்தான் பொறுப்பு என்று பதில் வந்தது. அந்தக் காசுக்கு ஸ்டீமில் தள்ளுபடியில் முழு கேமும் வந்திருக்கும்.

4. எங்கே நிறுவுவது?

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

டிவிடியில் உள்ள நிறுவும் நிரல் தானாக புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டரைக் காட்டும். கண்ணை மூடிக்கொண்டு "நெக்ஸ்ட்" அடித்தால் மாட்டிக்கொள்வீர்கள். விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் பெரும்பாலானோர் அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கிலேயே இருந்ததால் அந்த ஃபோல்டரில் எதையும் எழுத முடிந்தது. இன்றைய விண்டோஸ் அதைப் பூட்டி வைத்திருக்கிறது. பழைய ஆட்-ஆன் ஒன்று அங்கே ஒரு கோப்பை மாற்ற முயன்றால், விண்டோஸ் ஓசையில்லாமல் அதை "வர்ச்சுவல் ஸ்டோர்" என்ற மூலையில் எழுதிவிடும். பிழைச் செய்தி வராது. விமானம் பட்டியலில் இருக்கும், ஓட்டினால் பாதிக் கருவிகள் இருக்காது. நான் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தேடியது இதைத்தான்.

ஆகவே சி டிரைவுக்கு நேர் கீழே எஃப்எஸ்எக்ஸ் (கேமின் பெயர்ச் சுருக்கம்) என்று ஆங்கில எழுத்தில் சின்னதாக ஒரு ஃபோல்டர் உண்டாக்கி அங்கே நிறுவுங்கள். நிறுவும் திரையில் "கஸ்டம்" என்பதைத் தேர்ந்தால் இடத்தை மாற்றலாம். டி டிரைவ் இருந்தால் இன்னும் நல்லது.

ஸ்டீமில் இந்தச் சிக்கல் குறைவு. இருந்தாலும் ஸ்டீமை நிறுவும்போதே அதன் ஃபோல்டரையும் புரோகிராம் ஃபைல்ஸுக்கு வெளியே மாற்றிவிட்டால் பின்னால் தலைவலி இல்லை.

5. நிறுவும் வரிசை

டிவிடிக்காரர்களுக்கு: ஆன்டிவைரஸில் அந்த ஃபோல்டரை விலக்குப் பட்டியலில் சேருங்கள். முதல் வட்டில் உள்ள செட்டப் கோப்பை ரைட் க்ளிக் செய்து "ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்" கொடுங்கள். எக்ஸ்பி கம்பாட்டிபிளிட்டி மோடு தேவையில்லை. அதை வைத்தால் சரியாகும் என்று பலர் சொல்வார்கள். எனக்கு அது இருந்த சிக்கலோடு இன்னொன்றைத்தான் சேர்த்தது.

இரண்டு வட்டும் முடிய எனக்கு 50 நிமிடம். முடிந்ததும் கேமை ஒருமுறை திறந்து, ஒரு விமானத்தை ஏற்றி, மூடுங்கள். அதன் பிறகுதான் சர்வீஸ் பேக். ஆக்செலரேஷன் வட்டு இருந்தால் சர்வீஸ் பேக் 1, 2 இரண்டும் வேண்டாம். எஸ்பி2 அதற்குள்ளேயே இருக்கிறது. இல்லாதவர்கள் எஸ்பி1, ஒருமுறை திறந்து மூடல், எஸ்பி2, மறுபடி திறந்து மூடல் என்று போங்கள். இடையில் திறந்து மூடச் சொல்வது சடங்குக்காக அல்ல. எந்தப் படியில் கெட்டது என்று தெரிய வேண்டும்.

ஆக்டிவேஷன் இணையம் வழியாக ஆகாவிட்டால், அதே திரையில் போன் வழி என்ற தேர்வும் இருக்கும். நீண்ட எண்களைக் கேட்டுக் கேட்டு எழுத வேண்டியிருக்கும். பேனா, பேப்பரோடு உட்காருங்கள்.

ஸ்டீம்காரர்களுக்கு: இன்ஸ்டால் பொத்தான், பிறகு காப்பி. உங்கள் இணைய வேகம்தான் நேரம்.

திறக்கும்போது டி3டிஎக்ஸ்9 என்று தொடங்கும் ஏதோ ஒரு கோப்பு இல்லை என்று செய்தி வந்தால் பதற வேண்டாம். கேம்களின் படத்தைத் திரையில் காட்ட உதவும் டைரக்ட்எக்ஸின் 12ஆம் பதிப்பு விண்டோஸ் 11இல் இருக்கிறது. ஆனால் 9ஆம் பதிப்பின் துணைக் கோப்புகள் தானாக வருவதில்லை. மைக்ரோசாஃப்ட் 2010 ஜூனில் வெளியிட்ட டைரக்ட்எக்ஸ் ரன்டைம் தொகுப்பை அவர்கள் தளத்திலிருந்தே இறக்கி நிறுவுங்கள். இப்படிக் காணாமல் போன துணைக் கோப்பை (டிஎல்எல்) ஒற்றையாகத் தரும் தளங்களின் பக்கம் போகாதீர்கள். வைரஸ் வரும் வாசல் அதுதான்.

6. முதல் ஓட்டம்: எதையும் தொடாதீர்கள்

முதலில் திறக்கும்போது காட்சிக் கோப்புகளை அட்டவணைப்படுத்த நேரம் எடுக்கும். தொங்கிவிட்டது என்று மூடிவிடாதீர்கள்.

தொடக்க விமானம் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஃப்ரைடே ஹார்பர் விமான நிலையத்தில் நிற்கும் சின்ன டிரைக் (மூன்று சக்கரத்தில் நிற்கும், திறந்த இருக்கையுள்ள குட்டி விமானம்). அது எழும்பிப் பத்து நிமிடம் விழாமல் பறந்தால் உங்கள் நிறுவல் சரி. கிராஃபிக்ஸை எல்லாம் வலது மூலைக்குத் தள்ளிப் பார்க்கும் ஆசை அப்போதே வரும். அடக்குங்கள்.

லேப்டாப்பில் இரண்டு கிராஃபிக்ஸ் இருந்தால், விண்டோஸ் இந்தப் பழைய கேமைச் சின்னதில் ஓட்டிக்கொண்டிருக்கலாம். செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, கிராஃபிக்ஸ் என்று போய் கேமைத் தொடங்கும் இஎக்ஸ்இ கோப்பைச் சேர்த்து "ஹை பெர்ஃபார்மன்ஸ்" கொடுங்கள்.

முழுத்திரையில் ஓட்டும்போது ஆல்ட், டேப் அழுத்தி வேறு ஜன்னலுக்குப் போய் வந்தால் சில சமயம் திரை கறுப்பாகிவிடும். ஆல்ட், என்டர் அழுத்தினால் ஜன்னல் நிலைக்கு மாறும். வேறு ஜன்னலுக்குப் போவதாக இருந்தால் முதலில் அதைச் செய்யுங்கள்.

7. ஒரே ஒரு வரி

இணையத்தில் தேடினால் அமைப்புக் கோப்பில் சேர்க்க முப்பது நாற்பது வரிகள் சொல்வார்கள். பாதி 2007இன் இரண்டு கோர் பிராசஸருக்கு எழுதியவை. நான் எல்லாவற்றையும் ஒட்டினேன். கேம் திறக்கவே இல்லை. பிறகு ஒன்று மட்டும் வைத்துக்கொண்டேன்.

விண்டோஸ் பட்டனோடு ஆர் அழுத்துங்கள். பெட்டியில் விழுக்காட்டுக் குறி, ஆப்டேட்டா, மீண்டும் விழுக்காட்டுக் குறி என்று ஆங்கிலத்தில் இடைவெளியில்லாமல் (%appdata%) தட்டினால் ரோமிங் ஃபோல்டர் திறக்கும். அதற்குள் மைக்ரோசாஃப்ட், அதற்குள் எஃப்எஸ்எக்ஸ். அங்கே எஃப்எஸ்எக்ஸ் என்ற பெயரில் ஒரு சிஎஃப்ஜி கோப்பு. முதலில் அதை நகலெடுத்து டெஸ்க்டாப்பில் வையுங்கள். பிறகு நோட்பேடில் திறந்து, சதுர அடைப்புக்குறிக்குள் கிராஃபிக்ஸ் என்று எழுதியிருக்கும் தலைப்பைத் தேடுங்கள். அதற்கு நேர் கீழே ஹை, மெம், ஃபிக்ஸ் மூன்றையும் ஆங்கிலப் பெரிய எழுத்தில் ஒட்டி எழுதி, சமக்குறி போட்டு, 1 என்று முடியுங்கள் (HIGHMEMFIX=1).

32 பிட் நிரலுக்கு எட்டும் நினைவகம் 4 ஜிபிதான். உங்களிடம் 32 ஜிபி ராம் இருந்தாலும் அதுதான் எல்லை. அந்த எல்லையை நெருங்கும்போது கட்டடங்கள் காணாமல் போவது, விமானத்தின் தோல் கறுப்பாவது போன்றவை நடக்கும். அதைத் தடுக்கத்தான் இந்த வரி. ஸ்டீம் எடிஷனில் இது ஏற்கனவே சேர்ந்திருக்கிறது. ஸ்டீம்காரர்கள் இந்தப் படியைத் தாண்டலாம்.

கேம் மூடியிருக்கும்போது மட்டும் இந்தக் கோப்பைத் திருத்துங்கள். ஓடிக்கொண்டிருந்தால் மூடும்போது உங்கள் வரியின் மேல் தன் பழைய கணக்கை எழுதிவிடும். ஏதாவது தாறுமாறானால் கோப்பை அழித்துவிடுங்கள். அடுத்த முறை திறக்கும்போது புதிதாக ஒன்றை அதுவே எழுதிக்கொள்ளும்.

8. பாதியில் செத்து விழுந்தால்

எல்லாவற்றையும் அழித்து மறுபடி நிறுவ ஓடாதீர்கள். ஸ்டார்ட் மெனுவில் ஈவன்ட் வியூவர் என்று தேடித் திறந்து, விண்டோஸ் லாக்ஸ், அப்ளிகேஷன் என்று போங்கள். கேம் விழுந்த நேரத்தில் சிவப்புக் குறியோடு ஒரு பதிவு இருக்கும். அதில் "ஃபால்ட்டிங் மாட்யூல்" என்பதற்கு எதிரே என்ன கோப்பு என்று பாருங்கள்.

என்வி என்றோ ஏடிஐ என்றோ தொடங்கினால் கிராஃபிக்ஸ் டிரைவர். அதைப் புதுப்பியுங்கள்.

யுஐஆட்டோமேஷன்கோர் என்று இருந்தால் இது விண்டோஸ் 7 காலத்திலிருந்தே தெரிந்த நோய். மெனுவைப் பலமுறை திறந்து மூடினால் கேம் விழும். விஸ்டா காலத்து 32 பிட் கோப்பு, பதிப்பு எண் 6.0.5840.16386, அதைக் கேமின் இஎக்ஸ்இ இருக்கும் ஃபோல்டரில் வைத்தால் தீரும். சிஸ்டம்32 ஃபோல்டரில் வைக்கவே கூடாது. பழைய விஸ்டா கணினி யாரிடமாவது இருந்தால் அதிலிருந்தே எடுங்கள். அந்தப் பெயர் வரவில்லையென்றால் இந்த வைத்தியமே வேண்டாம்.

என்டிடிஎல்எல் என்று வந்தால் அதிலிருந்து ஒன்றும் தெரியாது. கடைசியாக எதைச் சேர்த்தீர்களோ அதை எடுத்துவிட்டுப் பாருங்கள்.

9. படம் தடுமாறினால்

கேம் செட்டிங்ஸில் டார்கெட் ஃபிரேம் ரேட்டை 30இல் வையுங்கள். "அன்லிமிட்டட்" என்று விட்டால் எண் பெரிதாகத் தெரியும், தரை மட்டும் மங்கலாகவே இருக்கும். லைட் ப்ளூமை அணைத்துவிடுங்கள். தண்ணீரை நடுவில் வையுங்கள். விமானப் போக்குவரத்து 20 சதவீதம் போதும். சாலை வாகனங்களை 10க்கு மேல் ஏற்றாதீர்கள். மேலிருந்து பார்த்தால் எறும்பு அளவுதான், பிராசஸரை மட்டும் தின்னும்.

10. ஜாய்ஸ்டிக்

கேமைத் திறக்கும் முன்பே செருகிவிடுங்கள். புதிதாக எந்தக் கருவி செருகினாலும் இந்த கேம் தானாகவே எல்லா அச்சுகளையும் அதற்கும் ஒதுக்கும். ஜாய்ஸ்டிக்கோடு எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரும் செருகியிருந்தால் ஒரே ரட்டருக்கு (விமானத்தை இடம் வலமாகத் திருப்பும் வால் பகுதி) இரண்டு எஜமானர்கள். விமானம் ஓடுதளத்தில் தானாக இடப்பக்கம் இழுத்தது. காற்று என்று நினைத்தோம். மேசையில் கிடந்த கன்ட்ரோலரின் குச்சி சற்றே சாய்ந்திருந்தது. கன்ட்ரோல்ஸ் பக்கத்தில் ஒவ்வொரு கருவியாகத் தேர்ந்து, வேண்டாததை அழியுங்கள்.

அரை மணி நேரம் பறந்ததும் ஜாய்ஸ்டிக் உயிர்விட்டால், விண்டோஸ் மின்சாரத்தை மிச்சம் பிடிக்க யுஎஸ்பியை அணைக்கிறது. டிவைஸ் மேனேஜரில் ஒவ்வொரு யுஎஸ்பி ரூட் ஹப்பிலும் பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில் உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள்.

11. ஆட்-ஆன் சேர்க்கும் முன்

டாக்குமென்ட்ஸில் "ஃப்ளைட் சிமுலேட்டர் எக்ஸ் ஃபைல்ஸ்" என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். சேமித்த பயணங்களும் லாக்புக்கும் அதில்தான். ஒன்டிரைவ் உங்கள் டாக்குமென்ட்ஸைத் தன் வசம் எடுத்திருந்தால் இதுவும் அங்கே போயிருக்கும். அதையும் சிஎஃப்ஜி கோப்பையும் ஒரு பென்டிரைவில் நகலெடுத்துவிட்டு, ஒரு நேரத்தில் ஒரே ஒரு ஆட்-ஆன் சேருங்கள். பறந்து பாருங்கள், பிறகு அடுத்தது. சில பழைய ஆட்-ஆன்கள் டாட்நெட் 3.5 கேட்கும். விண்டோஸ் ஃபீச்சர்ஸில் அதை டிக் செய்தால் வந்துவிடும்.

12. ஊரைக் காணோம் என்றால்

டிரைக் பறந்ததும் எல்லாரும் செய்வதைத்தான் நாங்களும் செய்தோம். செஸ்னா 172 எடுத்து, விமான நிலையப் பெட்டியில் சென்னையின் குறியீடான விஓஎம்எம் தட்டினோம். 07 ஓடுதளத்தில் எழும்பினால் கொஞ்ச நேரத்தில் கடல். அக்கா மகன் அடுத்து பெங்களூருக்குப் போக விஓபிஎல் என்று தட்டினான். வரவில்லை. இன்ஸ்டால் கெட்டுவிட்டது என்று மறுபடி வட்டைத் தேடப் போனான்.

கெடவில்லை. கேமில் இருப்பது 2006இன் உலகம். பெங்களூரு தேவனஹள்ளி, ஐதராபாத் ஷம்ஷாபாத் இரண்டும் 2008இல்தான் திறந்தன. சென்னையில் அடையாற்றுக்கு மேலே பாலம் போட்டு நீட்டிய ஓடுதளமும் இருக்காது. தனி ஆட்-ஆன் போட்டால்தான் வரும். அதுவரை பெங்களூருக்குப் போகிறவர்கள் பழைய எச்ஏஎல் விமான நிலையத்தில்தான் இறங்க வேண்டும். குறியீடு விஓபிஜி.